மாற்றாமல் விளக்குவது: வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நம் மதிப்பெண்கள்

பொறியியல் பட்டப்படிப்பில் 10-க்கு 8 சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) பெற்ற ஒருவர் ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால், அவருடைய மதிப்பெண் அங்கே 2.2 என்றும் கணக்கிடப்படலாம், 2.5 என்றும் கணக்கிடப்படலாம். அதே மாணவர் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது, 8-ஐ 2.5-ஆல் வகுத்து 3.2 என்று எழுதச் சொல்கிறார் ஒருவர். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான் வேறோர் எண்ணைத் தருகிறது. பிரிட்டனிலோ 70 சதவீதம் பெற்றாலே முதல் வகுப்பு என்று தெரியவந்ததும், 80 சதவீதம் வைத்திருக்கும் நம் மாணவர் தம்மை அங்கே மிகச் சிறந்த மாணவராகக் கருதிக்கொள்கிறார். இவற்றில் எதை நம்புவது, விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்ற குழப்பம் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பக் காலத்தில் திரும்பத் திரும்ப எழுகிறது.

மதிப்பெண்ணை மாற்றும் வேலை விண்ணப்பதாரருடையது அன்று. படித்த இடத்தின் அளவுகோலிலேயே மதிப்பெண்ணை எழுதி, அந்த அளவுகோல் எப்படி இயங்குகிறது என்பதை வாசிப்பவருக்குச் சான்றுகளுடன் புரியவைப்பதுதான் அவருடைய வேலை. இது ஏன் என்று புரிந்துகொள்ள, வெளிநாட்டில் ஒரு சான்றிதழுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றாகக் கருதப்படும் மூன்று வேலைகள்

ஒரு சான்றிதழ் எல்லை தாண்டும்போது அதன் மீது மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. இவற்றைக் கேட்கும் அமைப்புகளும் பெரும்பாலும் வேறுவேறு.

1. சரிபார்ப்பு: இந்தச் சான்றிதழ் உண்மையானதா? ஜெர்மனிக்குச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட, கல்வி ஆவணங்களைச் சரிபார்க்கும் ஜெர்மானிய மையம் தரும் ஏ.பி.எஸ். சான்று இந்த வகையைச் சேர்ந்தது. மாணவர் எவ்வளவு நன்றாகப் படித்தார் என்பதைப் பற்றி அது தீர்ப்புச் சொல்வதில்லை.

2. தரநிலை இணை: இந்தப் பட்டம் எங்கள் நாட்டில் எந்தப் பட்டத்துக்கு நிகரானது? ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளம், பிரிட்டனின் யு.கே. எனிக், வட அமெரிக்காவின் டபிள்யூ.இ.எஸ். போன்றவை இதற்கு விடை தருகின்றன. இவற்றில் முதல் இரண்டும் அந்தந்த நாடுகளில் தேசிய அளவில் செயல்படுபவை. அமெரிக்காவில் அப்படி ஒரே அமைப்பு கிடையாது. தனியார் மதிப்பீட்டு நிறுவனங்கள் பல இருக்கின்றன, அவற்றின் அறிக்கையை ஏற்பதா வேண்டாமா என்பதைப் பல்கலைக்கழகமே முடிவுசெய்கிறது.

3. தேர்வு: இந்த மாணவரை எங்கள் துறையில் சேர்க்கலாமா? இதற்கு விடை சொல்வது பல்கலைக்கழகம் மட்டுமே.

இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, இனி நம் பட்டத்துக்கு அங்கே தடையின்றி இடம் கிடைக்கும் என்று பலர் எண்ணினர். அந்த உடன்பாடு இரண்டாவது கேள்வியைப் பற்றியது. மூன்றாவது கேள்வியை அது தொடவே இல்லை. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளும் அதன் வரம்புக்குள் வரவில்லை. இணைச் சான்று கையில் இருந்தும் இடம் கிடைக்காதது அநீதி என்று சிலர் வருந்துவதற்கு, இந்த வேறுபாட்டை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் காரணம்.

எண் மட்டும் ஏன் போதாது

மதிப்பெண் என்பது ஒரு அளவுகோலின் மீது ஒரு புள்ளி. அளவுகோலின் இரு முனைகளும் தெரியாமல் அந்தப் புள்ளிக்குப் பொருள் இல்லை. பிரிட்டனில் 70-ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, 50 முதல் 59 வரை அதன் கீழ்நிலை. அங்கே கட்டுரைகளைத் திருத்துபவர்கள் 80-க்கு மேல் போடுவதே அரிது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்விலோ கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆகவே இந்த 80-ம் அந்த 80-ம் ஒன்றில்லை என்பது அங்கே விண்ணப்பங்களைப் படிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இந்தியாவுக்கெனத் தனி வரம்புகளை வைத்திருப்பதும், அவற்றிலும் மாநிலப் பாடத்திட்டத்துக்கும் சி.பி.எஸ்.இ.-க்கும் வேறுவேறு சதவீதம் கேட்பதும் இதனால்தான்.

சி.ஜி.பி.ஏ. இன்னும் நுட்பமானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைப்படி 71 முதல் 80 வரை எந்த மதிப்பெண் எடுத்தாலும் ஏ கிரேடு, 8 புள்ளி. எல்லாப் பாடங்களிலும் 71 எடுத்தவருக்கும், எல்லாவற்றிலும் 80 எடுத்தவருக்கும் சி.ஜி.பி.ஏ. ஒன்றே. இதைப் பத்தால் பெருக்கினால் இருவருக்கும் 80 சதவீதம் வரும். முதலாமவருக்கு அது அவர் எடுத்த மதிப்பெண்ணே இல்லை. பத்தால் பெருக்கும் விதி பல்கலைக்கழகமே தந்த ஒரு வழக்காறு என்பதால் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதே விதியை வேறு பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கோ, 9.5-ஆல் பெருக்கச் சொன்ன பழைய சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புச் சான்றுக்கோ பொருத்த முடியாது. விதி எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எந்தச் சதவீதத்தையும் விண்ணப்பத்தில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஜெர்மனி: ஒரு வாய்பாடும் அதன் விளைவும்

ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்தது, 4.0 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. வெளிநாட்டு மதிப்பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டுவர அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, மாற்றியமைக்கப்பட்ட பவேரிய வாய்பாடு:

1 + 3 × (உச்ச மதிப்பெண் − பெற்ற மதிப்பெண்) ÷ (உச்ச மதிப்பெண் − குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்)

இதில் கவனிக்க வேண்டியது வகுக்கும் எண்ணில் உள்ள தேர்ச்சி மதிப்பெண். 75 சதவீதம் பெற்ற மூவரை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 50 வேண்டும் என்ற பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு 2.5 வரும். தேர்ச்சி 40 என்றால் 2.25. தேர்ச்சி 35 என்றால் 2.15. ஜெர்மானிய முதுகலைப் படிப்புகள் பலவற்றில் 2.5 என்பதே நுழைவு வரம்பாக இருப்பதால், கடுமையான தேர்ச்சி விதி உள்ள இடத்தில் படித்தவர் வரம்பின் விளிம்பில் நிற்க, தளர்வான விதி உள்ள இடத்தில் படித்தவர் வசதியாக உள்ளே வந்துவிடுகிறார். வாய்பாட்டின் நோக்கம் இதுவன்று. ஆனால் அதன் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

தொடக்கத்தில் சொன்ன 2.2-க்கும் 2.5-க்கும் காரணம் இதுவே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் தேர்ச்சியின் கடைசி கிரேடு பி, அதற்கு 6 புள்ளி. 2021 விதிமுறையில் அதற்கும் கீழே சி என்ற கிரேடு 5 புள்ளியுடன் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் 50 மதிப்பெண்தான் தேர்ச்சி. 8 சி.ஜி.பி.ஏ. பெற்றவருக்கு, தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளியை 5 என்று எடுத்தால் 2.2 வரும், 6 என்று எடுத்தால் 2.5 வரும். எனவே கிரேடு அட்டையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கிரேடு விளக்க அட்டவணையை ஸ்கேன் செய்யாமல் விடுவது பெரிய இழப்பாக முடியலாம். முன்பக்கம் மட்டும் கிடைத்தால், குறைந்தபட்ச மதிப்பெண் எது என்பதை அங்கே இருப்பவர் தாமாக ஊகிக்க வேண்டியிருக்கும். தேர்ச்சி மதிப்பெண்ணையும் உச்ச மதிப்பெண்ணையும் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் ஒரு கடிதம் வாங்கி இணைப்பது இதைவிட நல்லது.

பள்ளிப் படிப்பு முடித்து நேராக இளங்கலைக்குச் செல்ல விரும்புவோருக்கு வேறொரு தடை உண்டு. பிளஸ் டூ சான்று மட்டும் பொதுவாக ஜெர்மனியில் நேரடி நுழைவுரிமை தருவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டுப் படிப்பை வெற்றிகரமாக முடித்திருந்தாலோ, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருந்தாலோ அந்தத் துறை சார்ந்த படிப்புகளுக்கு வழி திறக்கிறது. இங்கே 98 சதவீதம் எடுத்தவருக்கும் இதே விதிதான்.

அமெரிக்கா: நான்கு ஆண்டும் நான்கு புள்ளியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, மதிப்பெண்ணை 4.0 அளவுக்கு மாற்றாமல் படித்த நிறுவனத்தின் அளவிலேயே எழுதுமாறு தங்கள் விண்ணப்பக் குறிப்பிலேயே சொல்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டமும் அதன் உச்ச அளவுக்கு மற்றொரு கட்டமும் இருந்தால், 8.0 என்றும் 10 என்றும் எழுதினால் போதும். நாமாக 3.2 என்று மாற்றி எழுதினால் இரண்டு தீங்குகள் நேரும். ஒன்று, அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே முடியும், அமெரிக்காவில் 3.2 என்பது நடுத்தரமாகப் பார்க்கப்படும் இடங்கள் பல உண்டு. மற்றது, டிரான்ஸ்கிரிப்டில் (எல்லாப் பருவங்களுக்கும் பல்கலைக்கழகம் தரும் ஒரே ஆவணத்தில்) உள்ள எண்ணும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததால் விண்ணப்பதாரரின் நேர்மை மீது ஐயம் எழும். பாடம் வாரியாக மதிப்பிட்டு எழுதப்பட்ட அறிக்கை வேண்டும் என்று பல்கலைக்கழகமே கேட்டால், அதை மதிப்பீட்டு நிறுவனத்திடம் பெற்று அனுப்பலாம். கேட்காத இடத்துக்கு அதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்குத்தான் அமெரிக்காவில் உண்மையான சிக்கல். அங்கே இளங்கலை நான்கு ஆண்டு என்பதால், 16 ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கும் துறைகள் இருக்கின்றன. கல்லூரியின் நாக் தரத்தையும் (இந்தியக் கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அவை தரும் தரம்) மாணவர் பெற்ற வகுப்பையும் பார்த்து மூன்றாண்டுப் பட்டத்தை முழு இளங்கலையாக ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. ஆகவே படித்த காலத்தில் கல்லூரிக்கு இருந்த நாக் தரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது இவர்களுக்கு முக்கியம். இங்கிலாந்தில் இளங்கலை மூன்றாண்டுதான் என்பதால் ஆண்டுக்கணக்கு மட்டுமே அங்கே தடையாவதில்லை.

இலங்கை உயர்தரச் சான்று

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை எழுதிய இலங்கை மாணவர்களுக்கு நேரும் குழப்பம் வேறு வகை. பிரிட்டிஷ் தேர்வு வாரியங்கள் நடத்தும் ஏ லெவலும் இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் ஏ லெவலும் பெயரால் ஒன்று. பாடத்திட்டம், வினாத்தாள், தரமிடல் எல்லாம் வேறு. விண்ணப்பப் படிவத்தின் பட்டியலில் இலங்கைத் தகுதி தனியே இருக்கும்போது பொதுப் பெயரைத் தெரிவுசெய்தால், பின்னர் சான்றிதழ் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிறுத்தப்படலாம். பரீட்சை நடத்திய அமைப்பின் பெயரை முழுதாக எழுத வேண்டும்.

இசட் புள்ளியையும் விளக்க வேண்டும். ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற மதிப்பெண், அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. கடினமான பாடத்தில் பி எடுத்தவரின் உண்மையான நிலை, எளிதான பாடத்தில் ஏ எடுத்தவரைவிட மேலாக இருக்கலாம். பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலையும் நாடளாவிய நிலையும் இருப்பதால், 2பி, 1சி என்று மட்டும் எழுதுவதைவிட இவற்றையும் சேர்த்து, இசட் புள்ளி என்றால் என்ன என்று ஓரிரு வரியில் விளக்கினால், வாசிப்பவருக்கு அந்த மாணவர் யார் என்பது தெரியவரும். பல்கலைக்கழகப் பட்டத்திலும் இதே கவனம் வேண்டும். இலங்கையில் 4.0 அளவில் 3.30 பொதுவாக இரண்டாம் வகுப்பு மேல்நிலை. வகுப்பைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் தந்தால், அதே அளவைப் பழகிய அமெரிக்க வாசகர் அதைத் தம் நாட்டு 3.3 என்றே படிப்பார்.

எழுதும் முறை

1. மதிப்பெண்ணை எப்போதும் உச்ச மதிப்பெண்ணோடு எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ 2018 வரை 1200-க்கு. அதன் பிறகு 600-க்கு. வெறும் 560 என்பது வெளிநாட்டவருக்கு எதையும் சொல்லாது.

2. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தையும் படித்த கல்லூரியையும் பிரித்து எழுத வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் தேடப்படுவது பட்டம் தரும் நிறுவனம்தான்.

3. அசாதாரணமான ஆண்டை விளக்க வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதமும், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதமும், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதமும் எடுத்து மதிப்பெண் தரப்பட்டது. அந்த ஆண்டு மாணவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். மறைக்க வேண்டியதும் இல்லை, வருந்த வேண்டியதும் இல்லை.

4. தரவரிசையை எத்தனை பேரில் என்பதோடு எழுத வேண்டும். பல்கலைக்கழகத் தரவரிசையில் பதினைந்தாவது இடம் என்பது அந்தத் துறையில் தேர்வெழுதியோர் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் சாதனையாகத் தோன்றும். அந்த எண்ணிக்கை சான்றிதழில் இல்லாவிட்டால் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தில் அது இடம்பெறுவது நல்லது.

அரியர்

அரியர் இருந்தால் மறைக்க முடியாது. கிரேடு அட்டைகளில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் பதிவாகியிருக்கும். பருவவாரியான அட்டைகளைத் தவிர்த்து, ஒருங்கிணைந்த பட்டியலை மட்டும் அனுப்பலாம் என்று சில முகவர்கள் ஆலோசனை சொல்வதுண்டு. இது தவறான ஆலோசனை. சரிபார்ப்பில் அட்டைகள் கேட்கப்படும்போது, அரியரைவிட அதை மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும். எத்தனை தாள், எந்தப் பருவம், எப்போது முடிக்கப்பட்டது என்று தெளிவாகச் சொல்லி, அதே பாடத்தின் அடுத்த நிலையில் பின்னர் நல்ல கிரேடு பெற்றிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவதே சரி. முதல் பருவத்தில் கணிதத்தில் தவறி, மூன்றாம் பருவத்துக் கணிதத்தில் ஏ பிளஸ் பெற்ற மாணவரைத் துறைப் பேராசிரியர்கள் மதிக்கத்தான் செய்வார்கள்.

இனிஷியலும் பாஸ்போர்ட்டும்

தமிழர் விண்ணப்பங்களில் அடிக்கடி எழும் சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா, பட்டச் சான்றில் கவிதா எஸ்.; பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்து கவிதா சுந்தரம்; அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பிந்தைய நிலையில், பெயர்க் கட்டம் ஒன்று வெறுமையாக இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்குமிடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சிடப்படுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. சேர்ந்த பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், பட்டச் சான்று எல்லாவற்றிலும் அது பின்தொடரும்.

விண்ணப்பத்தை எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்ப வேண்டும். சான்றிதழ்களில் பெயர் எப்படி இருக்கிறது என்பதைப் படிவத்தில் வேறு பெயர்களுக்கான கட்டம் இருந்தால் அதில் எழுதலாம். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் பெற்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இணைக்க வேண்டும். தமிழ்ப் பெயர் மரபில் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கிறது என்ற ஒரு வரி விளக்கமும் உதவும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பும்படி இப்போதே முடிவுசெய்துவிடுவது மிகுந்த நன்மை தரும்.

மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே உள்ளவை

என்.பி.டி.இ.எல். பாடம் முடித்தவர்கள் பலர் அதை வெறும் ஆன்லைன் கோர்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஐ.ஐ.டி.-களும் ஐ.ஐ.எஸ்சி.-யும் நடத்தும் இந்தப் பாடங்களில், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று கண்காணிப்பில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதமும் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 சதவீதமும் தரப்படுகின்றன. இதைச் சொன்னால்தான், வீட்டில் அமர்ந்து காணொளி பார்த்துப் பெறும் சான்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது விளங்கும். எலைட் கோல்டு என்ற முத்திரையை அப்படியே எழுதாமல், 90-ம் அதற்கு மேலும் பெற்றதற்கான முத்திரை என்று விளக்க வேண்டும்.

பணம் கட்டி வெளியிடப்பட்ட கட்டுரைகள் நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன. இவற்றைச் சாதனையாகப் பட்டியலிடுவதால் விண்ணப்பத்துக்கு நன்மை கிடைப்பதில்லை. துறை வல்லுநர் ஒருவர் இதழின் பெயரைப் பார்த்தவுடனேயே மற்றவற்றின் மீதும் அவருக்கு நம்பிக்கை குறையும். அந்தத் திட்டப்பணியில் தாமே என்ன செய்தார், எதை அளந்தார், எது சரிவரவில்லை என்று நான்கு வரி எழுதுவது அதைவிடப் பயன் தரும்.

எப்போது எதை வாங்குவது

டிரான்ஸ்கிரிப்டும் மதிப்பெண் பட்டியலும் ஒன்றல்ல. பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்கி, கட்டணம் பெற்று, எல்லாப் பருவங்களையும் ஒரே ஆவணமாகத் தருவதுதான் டிரான்ஸ்கிரிப்ட். முத்திரையிட்ட உறையில் அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக மின்வழியில் அனுப்பப்பட்டால்தான் அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்கும்; உறையை மாணவர் பிரித்துவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் இறுதிப் பருவத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பயிற்றுமொழிச் சான்று, தேர்ச்சி விதியைக் குறிப்பிடும் கடிதம், அரியர் விவரச் சான்று ஆகியவற்றையும் அதே முறையில் ஒன்றாகக் கேட்டு வாங்கிவிடலாம். பட்டமளிப்பு விழா தள்ளிப்போகும் இடங்களில் புரொவிஷனல் சான்றைக் கொண்டு விண்ணப்பித்து, பட்டச் சான்றைப் பின்னர் அனுப்புவதாகக் குறிப்பிடலாம். சேர்க்கைக் கடிதத்தில் அதற்கான கெடு எழுதப்பட்டிருக்கும். அசல்களை நேரில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆகவே புறப்படும்போது எல்லா அசல்களையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு செல்ல வேண்டும்.